எஸ்எம்பிஎஸ் ஃபேன் சத்தம்: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

ஆறு வருடமாக உழைக்கும் டெஸ்க்டாப். ஒரு மாதமாகக் காலையில் ஆன் செய்தவுடன் கொர்ர்ர்ர் என்று ஒரு சத்தம், தகர டப்பாவில் சரளைக் கல்லைப் போட்டு உருட்டுவது போல. ஐந்து நிமிடத்தில் தானாக அடங்கிவிடும். முதலில் ஹார்டு டிஸ்க்தான் போகப்போகிறது என்று பயந்து இரவோடு இரவாக எல்லாவற்றையும் வேறு டிஸ்க்கில் நகல் எடுத்து வைத்தேன் (நஷ்டமில்லை, இரண்டு வருடமாகத் தள்ளிப்போட்ட வேலை). அப்புறம் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, பழைய பேப்பரைக் குழாயாகச் சுருட்டி ஒரு முனையைக் காதிலும் மறு முனையை ஒவ்வொரு ஃபேன் பக்கமும் வைத்துக் கேட்டேன். சிரிக்காதீர்கள், நன்றாகவே வேலை செய்கிறது. பிராசசர் ஃபேனின் நடு மூடியில் விரலை வைத்து ஒரு நொடி நிறுத்திப் பார்த்தேன், சத்தம் அப்படியே இருந்தது. மிஷினை அணைத்துவிட்டு கேபினெட் ஃபேன் இரண்டின் வயரையும் பிடுங்கிவிட்டு மறுபடி ஆன் செய்தேன், அப்போதும் மாற்றமில்லை. கிராபிக்ஸ் கார்டு ஃபேன் அந்த நேரத்தில் சுற்றவே இல்லை. மிச்சம் எஸ்எம்பிஎஸ்தான், அதாவது கம்ப்யூட்டருக்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் பெட்டி. ஸ்க்ரூடிரைவர் கையில் இருக்கிறது. உங்களில் யாராவது திறந்து பார்த்திருக்கிறீர்களா?

* * *

முதலில் அந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வையுங்கள்.

நான் திறந்திருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன். பிளக்கைப் பிடுங்கியாயிற்றே என்ற தைரியத்தில் நான்கு ஸ்க்ரூவைக் கழற்றி மூடியைத் தூக்கினேன். ஃபேன் வயர் எங்கே போகிறது என்று எட்டிப் பார்க்கும்போது ஸ்க்ரூடிரைவர் நுனி போர்டில் எங்கோ பட்டது. பட் என்று ஒரு வெடி, நீலப் பொறி. நுனியில் அரிசி அளவுக்கு உலோகம் உருகிக் குழி விழுந்திருந்தது, இன்னும் அதை வைத்திருக்கிறேன். உள்ளே மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பெரிய கப்பாசிட்டர், 230 வோல்ட் வீட்டு மின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும்போது 325 வோல்ட் வரை ஏறும், ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தைச் சீராக இழுக்கவைக்கும் சுற்று) உள்ளவற்றில் 380-ஐ ஒட்டி நிற்கும். பிளக்கைப் பிடுங்கினால் அது உடனே காலியாகிவிடாது. காலி செய்வதற்கென்று ஒரு ரெசிஸ்டர் போட்டிருப்பார்கள், அது செத்துப்போயிருந்தால் உங்களுக்குத் தெரியவே தெரியாது.

காலையில் மட்டும் கத்தி அப்புறம் அடங்குவது புஷ் பேரிங்கின் குணம். மலிவான ஃபேன்களில் பேரிங் என்பது எண்ணெயில் ஊறிய ஒரு சின்ன உலோகக் குழாய்தான். எண்ணெய் வற்ற ஆரம்பித்ததும், மிச்சம் இருப்பது குளிரில் கெட்டியாகி, அச்சு உள்ளே ஆட ஆரம்பிக்கிறது. ஓடிச் சூடானதும் எண்ணெய் இளகிப் பரவி சத்தம் நிற்கும். எஸ்எம்பிஎஸ்ஸில் இப்போதெல்லாம் 120 அல்லது 140 மி.மீ. ஃபேனைப் படுத்த வாக்கில் வைக்கிறார்கள், புஷ் பேரிங்குக்கு அது ஒத்துவராத நிலை. ஐந்து நிமிடம் பத்தாகும், பத்து நாள் முழுவதும் ஆகும், கடைசியில் ஒரு நாள் சத்தமே வராது. அன்றைக்குத்தான் பயப்பட வேண்டும், ஏனென்றால் ஃபேன் நின்றிருக்கும்.

* * *

என் கதை கொஞ்சம் அசிங்கமானது. டக் டக் டக் டக் என்று சீரான சத்தம். எஸ்எம்பிஎஸ் போயிற்று என்று முடிவுகட்டி, எதை வாங்கலாம் என்று மூன்று நாள் படித்தேன். நான்காம் நாள் செல்போன் டார்ச்சை ஃபேன் கம்பி வலைக்குள் அடித்துப் பார்த்தால், கேபிள் டையின் வால் ஒன்று வலைக்குள் நுழைந்து பிளேடில் உரசிக்கொண்டிருந்தது. வயர்களையெல்லாம் அழகாகக் கட்டுகிறேன் என்று முந்தின வாரம் நானே போட்டது. வெட்டி எறிந்தேன், அமைதி. ஃபேன் வேகம் கூடும்போது டக் டக்கும் வேகமானால் ஏதோ பிளேடில் படுகிறது என்று அர்த்தம், முதலில் டார்ச் அடியுங்கள்.

* * *

ஃபேனே இல்லாமலும் சத்தம் வரும், அதில் ஏமாந்தவன் நான். கொசு மாதிரி உய்ங் என்று மெல்லிய சத்தம். திரையில் பக்கத்தை மேலும் கீழும் நகர்த்தினால் சுருதி மாறும், மௌஸை விட்டால் நின்றுவிடும். எஸ்எம்பிஎஸ்ஸையே மாற்றினேன். புதியதிலும் அதே உய்ங்! கடைசியில் பார்த்தால் கிராபிக்ஸ் கார்டில் உள்ள காயில் (கம்பிச் சுருள்) அதிர்கிறது. விளையாட்டின் மெனுவில் நின்றால்தான் உச்சத்தில் கத்தும், ஏனென்றால் அங்கே கார்டு கட்டுப்பாடில்லாமல் நொடிக்கு நூற்றுக்கணக்கில் பிரேம்களை, அதாவது திரைப் படங்களை, தள்ளிக்கொண்டிருக்கும். பிரேம் அளவை 60-க்குக் கட்டிவைத்ததும் பாதிக்கு மேல் குறைந்தது. எஸ்எம்பிஎஸ் காயிலும் இப்படி அதிரும். எதுவாக இருந்தாலும் ஃபேன் சத்தம் மௌஸ் அசைவுக்கு உடனே மாறாது, ஃபேன் வேகம் ஏற இறங்க நேரம் பிடிக்கும்.

* * *

தூசியைச் சொல்ல ஆளில்லையா? என் கேபினெட் தரைவிரிப்பின் மேல் இருந்தது, எஸ்எம்பிஎஸ் அடியில், ஃபேன் கீழே பார்த்தபடி. விரிப்பு காற்றை அடைக்க, அடியில் உள்ள தூசி வலை கம்பளியாகவே மாறியிருந்தது. ஃபேன் பாவம், மூச்சுத் திணறி முழு வேகத்தில் இரைந்தது. கேபினெட்டை ஒரு பலகை மேல் ஏற்றி, வலையைக் கழுவிக் காயவைத்துப் போட்டதும் தணிந்தது. இத்துடன் விட்டிருக்கலாம். இன்னும் சுத்தமாக இருக்கட்டும் என்று ப்ளோயரை வைத்து வெளியிலிருந்தே அடித்தேன், ஃபேன் விமானம் கிளம்புவது போலச் சுற்றியது, எனக்கும் அது வேடிக்கையாக இருந்தது. அதற்கப்புறம்தான் உண்மையான கொர கொர ஆரம்பித்தது. ப்ளோயர் அடிக்கும்போது பல்குச்சி ஒன்றை வலைக்குள் விட்டு பிளேடைச் சுற்றாமல் பிடித்துக்கொள்ள வேண்டுமாம். எனக்கு முன்பே யாரும் சொல்லவில்லை.

* * *

இந்த வேலையையே செய்பவன் என்ற முறையில் இரண்டு விஷயம்.

ஃபேனின் நடு ஸ்டிக்கரை உரித்து, அடியில் ரப்பர் மூடி இருந்தால் நீக்கி, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் சத்தம் நிற்கும். சில மாதம் தாங்கும், அவ்வளவுதான். துருவுக்கு அடிக்கும் ஸ்பிரேயை விடாதீர்கள், இருக்கும் எண்ணெயையும் கழுவிக்கொண்டு காய்ந்துபோகும்.

ஃபேனையே மாற்றுவதானால் அளவும் 12 வோல்ட்டும் பொருந்தினால் போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. லோடு, அதாவது கம்ப்யூட்டர் இழுக்கும் மின்சாரம், குறைவாக இருக்கும்போது எஸ்எம்பிஎஸ் தன் ஃபேனுக்கு நான்கைந்து வோல்ட்தான் கொடுக்கும், நீங்கள் ஆசையாக வாங்கிய அமைதியான ஃபேன் அதில் அசையாமல் நிற்கலாம். கிளம்பினாலும் காற்று குறைவாக இருந்தால் உள்ளே வெந்துபோகும். காற்று போகும் திசையைத் தலைகீழாகப் பொருத்திக் கொண்டுவந்தவர்களும் உண்டு. இரண்டு முனை சாக்கெட் இல்லாமல் வயரைப் போர்டிலேயே பற்றவைத்திருக்கும் மாடல் என்றால் பழக்கமில்லாதவர்கள் தொடவே வேண்டாம்.

இன்னொன்று, புதிய மாடல்கள் சிலவற்றில் லோடு குறைவாக இருக்கும்போது ஃபேன் சுற்றாது, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். அது கெட்டுவிட்டதாக நினைத்துத் தூக்கி வருபவர்கள் வாரத்துக்கு ஒருவராவது உண்டு.

* * *

முதலில் எழுதியவன்தான். திறக்கவில்லை. பில்லைத் தேடி எடுத்தேன், வாரன்ட்டி 7 வருடம்! இன்னும் பல மாதம் பாக்கி. அனுப்பினேன், மாற்றிக் கொடுத்துவிட்டார்கள், வந்தது அதே கம்பெனியின் வேறு மாடல். பழைய எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து கழற்றிய வயர்கள் எல்லாம் கேபினெட்டுக்குள் நேர்த்தியாக ஓடுகின்றன, அதே சாக்கெட் போலத்தான் இருக்கிறது, அப்படியே புதியதில் செருகிவிடலாம் அல்லவா?

* * *

செருகாதீர்கள்!! மதர்போர்டு பக்கத்து முனைதான் எல்லாவற்றுக்கும் பொது. எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையில் எந்தக் குழியில் எத்தனை வோல்ட் என்று பொது விதியே கிடையாது, ஒரே கம்பெனியின் இரண்டு மாடலுக்குள்ளேயே மாறும். இதே சோம்பலில் இரண்டு ஹார்டு டிஸ்க்கைப் பறிகொடுத்தவன் சொல்கிறேன். ஐந்து வோல்ட் போக வேண்டிய இடத்தில் பன்னிரண்டு போயிற்று, ஒரு வாசனை வந்தது, அத்துடன் சரி.

* * *

நல்ல வேளை கேட்டேன். எல்லா வயரையும் உருவிவிட்டு, கூட வந்ததையே போட்டேன், இரண்டு மணி நேரம் பிடித்தது. ஆன் செய்தேன். கொர்ர் இல்லை. ஆனால் மெலிதாக ஒரு ங்ங்ங். வயிறு கலங்கிவிட்டது. பேப்பர் குழாயை மறுபடி எடுத்தேன், எஸ்எம்பிஎஸ் பக்கம்தான் என்றது. பின்பக்கத் தகட்டைக் கட்டைவிரலால் அழுத்தினேன், நின்றது. விரலை எடுத்தேன், வந்தது. எண்ணிப் பார்த்தால் நான்கு ஸ்க்ரூவில் மூன்றுதான் போட்டிருக்கிறேன். நான்காவது கீபோர்டுக்கு அடியில் கிடந்தது.