உதவி தேவை: பாட்காஸ்ட் ஃபீடை ஃபயர்ஃபாக்ஸிலிருந்து விஎல்சிக்குள் கொண்டு போவது எப்படி?

மஞ்சக்குப்பம்_மல்லி:
வணக்கம். கடலூரிலிருந்து தினமும் புதுச்சேரிக்கு வேலைக்குப் போய் வருகிறேன், சாயங்காலம் அங்கேயே பிரெஞ்சு வகுப்பு. ஆர்எஃப்ஐ வானொலியின் எளிய பிரெஞ்சுச் செய்தியைத் தினமும் கேட்கச் சொல்லி மேடம் கறாராகச் சொல்லியிருக்கிறார். பத்து நிமிஷம்தான், ஆனால் பஸ்ஸில் போனில் ஓடவிட்டால் ரெட்டிச்சாவடி தாண்டியதும் சிக்னல் போய்ப் போய் வருகிறது, செய்தி வாசிப்பவர் பாதி வார்த்தையில் நின்றுவிடுகிறார். அதனால் வீட்டுக் கம்ப்யூட்டரில் சப்ஸ்கிரைப் பண்ணி, இறக்கி, பழைய எம்பி3 பிளேயரில் போட்டுக்கொள்ளலாம் என்று பார்த்தேன். ஆர்எஸ்எஸ் (ஃபீடு, அதாவது நிகழ்ச்சிகளின் பட்டியல் இருக்கும் முகவரி) என்று இருப்பதை அழுத்தினால் பக்கம் முழுக்க அடைப்புக்குறியும் எழுத்துமாகக் கொட்டுகிறது. அந்த முகவரியை விஎல்சி பிளேயரில் நெட்வொர்க் ஸ்ட்ரீம் என்ற இடத்தில் போட்டுப் பார்த்தேன், பாடவில்லை. விண்டோஸ் 10, விஎல்சி 3. யாராவது சொல்லுங்களேன்.

அரியாங்குப்பம்_டீக்கடை:
ஸ்பாட்டிஃபையில் கேளுங்க. எதுக்கு இவ்வளவு சிரமம்?

மஞ்சக்குப்பம்_மல்லி:
அதில் இறக்கினால் அந்த ஆப்புக்குள்ளேதான் கிடக்கும், எம்பி3 பிளேயருக்கு மாற்ற முடியாதுங்க.

கெடிலக்கரை:
மல்லி, உங்கள் ஃபீடில் ஒரு கோளாறும் இல்லை. அடைப்புக்குறியாகக் கொட்டுகிறதே, அதுதான் ஃபீடு. அதற்குள் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஐட்டம் என்று ஒரு பகுதி இருக்கும், அதற்குள் என்க்ளோஷர் என்று ஒரு வரி, அந்த வரியில்தான் எம்பி3 கோப்பின் முகவரி, அது எத்தனை பைட், என்ன வகை எல்லாம் எழுதியிருக்கும். பாட்காஸ்ட் என்று நாம் சொல்வதெல்லாம் அந்த ஒரு வரியை நம்பித்தான் நடக்கிறது. அதைப் படித்து அழகாகப் பட்டியல் போடுவது பிளேயரின் வேலை. முன்பு ஃபயர்ஃபாக்ஸே ஃபீடை அடையாளம் கண்டு, இதை எந்த மென்பொருளில் சேர்க்கட்டும் என்று கேட்கும். 2018 டிசம்பரில் வந்த 64ஆம் பதிப்போடு அதைத் தூக்கிவிட்டார்கள். நல்ல வசதி, ஏன் எடுத்தார்களோ என்று எனக்கு இன்னும் ஆற்றாமைதான். இப்போது முகவரியை நாமே கையால் எடுத்துப் போக வேண்டியிருக்கிறது.

நெட்வொர்க் ஸ்ட்ரீம் என்பது ஒற்றைக் கோப்புக்கும் நேரலைக்கும் உள்ள இடம், அங்கே ஃபீடு போகாது. விஎல்சியில் கண்ட்ரோலும் எல்லும் சேர்த்து அழுத்துங்கள், பிளேலிஸ்ட் வரும். இடது பக்கப் பட்டையைக் கீழே வரை தள்ளினால் இன்டர்நெட் என்ற தலைப்பின் கீழ் பாட்காஸ்ட்ஸ் இருக்கும். (பட்டை ரொம்பக் குறுகலாக இருந்தால் ஓரத்தைப் பிடித்து இழுத்து அகலமாக்குங்கள், பலருக்கு அங்கேதான் அது கண்ணில் படாமல் போகிறது.) அதன் மேல் மவுஸைக் கொண்டுபோனால் வலது ஓரத்தில் சின்னதாக ஒரு கூட்டல் குறி முளைக்கும். அதை அழுத்தி, பிரவுசரின் முகவரிப் பட்டையில் இருப்பதை அப்படியே ஒட்டி ஓகே கொடுங்கள்.

நெய்வேலி_பிளாக்_வாசி:
இதே இழையில் நானும் ஒட்டிக்கொள்கிறேன். எனக்குக் கூட்டல் குறி வரை சரியாக வருகிறது, ஆனால் நான் போட்ட இரண்டு முகவரியும் வேலைக்கு ஆகவில்லை. ஒன்று ஐடிபிசி என்று ஆரம்பிக்கிறது, இன்னொன்று ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் பக்கம்.

கெடிலக்கரை:
ஐடிபிசி என்பது ஆப்பிளின் பாட்டு மென்பொருளான ஐடியூன்ஸைத் திறப்பதற்காக வைத்த முன்னொட்டு. 2005 ஜூனில் ஐடியூன்ஸ் 4.9இல் பாட்காஸ்ட் வந்தது, அந்தக் காலத்துப் பழக்கம். அந்த நான்கெழுத்தை அழித்துவிட்டு எச்டிடிபிஎஸ் என்று மாற்றிப் பாருங்கள், அது ஒத்துவரவில்லை என்றால் கடைசி எஸ் இல்லாமல். ஃபீட் என்று தொடங்கும் முகவரிக்கும் இதேதான் வைத்தியம். ஆப்பிள் பக்கம் என்பது கடையின் பெயர்ப்பலகை மாதிரி, சரக்கு உள்ளே வேறு இடத்தில் இருக்கிறது. நிகழ்ச்சி நடத்துபவர்களின் சொந்தத் தளத்துக்குப் போய், கண்ட்ரோலும் யூவும் அழுத்திப் பக்கத்தின் மூல நிரலைத் திறந்து, ஆர்எஸ்எஸ் என்று தேடுங்கள். பெரும்பாலும் மேலேயே ஃபீடு முகவரி இருக்கும்.

நெய்வேலி_பிளாக்_வாசி:
எஸ் இல்லாமல் போட்டதும் வந்துவிட்டது. நன்றி அண்ணே.

மஞ்சக்குப்பம்_மல்லி:
எனக்கும் பட்டியல் வந்துவிட்டது, பாடுகிறது! ஆனால் இறக்குவதற்கு ஒரு வழியும் தெரியவில்லையே. எது கேட்டது, எது கேட்காதது என்றும் காட்டவில்லை.

முத்தியால்பேட்டை_மெக்கானிக்:
அங்கேதான் விஎல்சி கைவிரித்துவிடும் தங்கச்சி. அது ஃபீடைப் படித்து நெட்டிலிருந்தே ஓடவிடும், அவ்வளவுதான், சேர்த்து வைக்கிற வேலையெல்லாம் அதற்குத் தெரியாது. உனக்குத் தேவை ஜீபாடர். இலவசம், விண்டோஸுக்கும் இருக்கிறது. பார்க்க அந்தக் காலத்து மென்பொருள் மாதிரி இருக்கும், அதற்காக விட்டுவிடாதே. சப்ஸ்கிரிப்ஷன்ஸ் மெனுவில் யூஆர்எல் வழியாகச் சேர்க்க ஒரு இடம் உண்டு, விஎல்சியில் ஒட்டினாயே, அதே முகவரியை அங்கே ஒட்டு. வேண்டியதை மட்டும் தேர்ந்தெடுத்து இறக்கு, மொத்தத்தையும் இறக்காதே. 128 கேபிபிஎஸ் ஒலித்தரத்தில் பத்து நிமிஷம் என்றால் சுமார் 9.6 எம்பி, உன் பழைய பிளேயரில் எவ்வளவு இடம் என்று பார்த்துக்கொள். இறங்கியது எல்லாம் சாதாரண எம்பி3தான், யூஎஸ்பியில் மாட்டிக் காப்பி பண்ணலாம், விஎல்சியிலும் திறக்கலாம்.

இன்னொன்று, ஃபீடில் பெரும்பாலும் சமீபத்திய நிகழ்ச்சிகள்தான் இருக்கும், பழையதை அவர்களே எடுத்துவிடுவார்கள். பரீட்சைக்கு வேண்டும் என்றால் அன்றன்றைக்கே இறக்கி வை.

மஞ்சக்குப்பம்_மல்லி:
அண்ணா, இறங்கிவிட்டது, பிளேயரிலும் ஏற்றிவிட்டேன். வரிசை மட்டும் கலைந்து கிடக்கிறது, வியாழன் செய்திக்கு அப்புறம் திங்கள் வருகிறது.

முத்தியால்பேட்டை_மெக்கானிக்:
பழைய பிளேயர் நிறைய கோப்பின் பெயரை வைத்துத்தான் வரிசை போடும். ஜீபாடரின் பிரிஃபரன்சஸில் எக்ஸ்டென்ஷன்ஸ் பகுதியில், இறக்கிய பின் பெயர் மாற்றுவதற்கு ஒன்று இருக்கிறது. அதை டிக் பண்ணி, பெயரோடு தேதியும் சேர்கிற மாதிரி வைத்துக்கொள். ஏற்கெனவே பிளேயரில் ஏற்றியதை அழித்துவிட்டு, மறுபடி இறக்கிக் காப்பி பண்ணு.

அரியாங்குப்பம்_டீக்கடை:
சரி, இதையெல்லாம் ஆண்ட்ராய்டு போனிலேயே செய்ய முடியுமா?

கெடிலக்கரை:
முடியும். ஆன்டெனாபாட் என்று ஒரு ஆப் இருக்கிறது. அதிலும் ஆர்எஸ்எஸ் முகவரியைப் போட்டுச் சேர்க்க இடம் இருக்கிறது, வீட்டு வைஃபையில் மட்டும் தானாக இறக்கச் சொல்லி வைக்கலாம்.