உதவி: பழைய மாணவர் கிளப்பில் சேரப் போட்ட விண்ணப்பம் திரும்பி வருகிறது

மெரிபேங்க்_மல்லி: வணக்கம். பழைய மாணவர் கிளப்பில் சேர இணையத்தில் விண்ணப்பம் போட்டேன். "உங்கள் விவரம் பதிவேட்டுடன் பொருந்தவில்லை" என்று பதில். பட்டச் சான்றிதழையும் இணைத்திருந்தேன். மறுபடி போட்டாலும் அதே கதைதான். கூட்டம் நெருங்குகிறது, யாராவது சீக்கிரம் வழி சொல்லுங்கள்.

டோங்காட்_தம்பி: எந்தப் பல்கலைக்கழகம் அக்கா? நம்ம தென்னாப்பிரிக்காவில், டர்பனில் மட்டும் ஒன்றா இரண்டா?

போன்கார_பாலா: போனில் போட்டீர்களா, கணினியிலா? போன் என்றால் இணைப்பு பாதியில் நின்றிருக்கும். வரிக் கணக்கு போடும்போது எனக்கும் இப்படித்தான் ஆகும். பிரௌசரை மாற்றிப் பாருங்கள்.

வெருலம்_வாத்தியார்: விவரம் தந்துவிட்டுக் கேளுங்கள் என்று எத்தனை முறை சொல்வது? படித்த இடம், முடித்த ஆண்டு, சான்றிதழில் இருக்கும் பெயர். இது மூன்றும் இல்லாவிட்டால் ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

மெரிபேங்க்_மல்லி: வெஸ்ட்வில்தான், வேறென்ன? 1996.

வெருலம்_வாத்தியார்: அப்படியானால் சான்றிதழில் டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகம் என்றிருக்கும். அது 2004 ஜனவரி 1 அன்று நேட்டால் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகம் ஆகிவிட்டது. படிவத்தில் எதைத் தேர்ந்தெடுத்தீர்கள்? அப்புறம், பட்டம் வாங்கியவர்கள் எல்லாரும் கன்வொகேஷன் என்ற பட்டதாரிகள் அமைப்பில் தானாகவே உறுப்பினர்கள், அதற்கு விண்ணப்பமே கிடையாது. கிளப் வேறு. அதற்குச் சொந்த விதிகளும் சந்தாவும் உண்டு. இரண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது.

சாட்ஸ்வர்த்_சரோ: ஐயா, அவங்க குழப்பவே இல்லையே! மல்லி, பட்டம் வாங்கினது கல்யாணத்துக்கு முன்னாடியா? எனக்கும் இதே தொல்லைதான். சான்றிதழில் அப்பா வீட்டுப் பெயர், அடையாள அட்டையில் வீட்டுக்காரர் பெயர். பதிவேட்டில் இருப்பது பழைய பெயர்தான். கல்யாணச் சான்றிதழ் நகலையும் சேர்த்து அனுப்புங்க. போலீஸ் நிலையத்தில் காசு வாங்காமல் முத்திரை போட்டுத் தருவாங்க, மூலப் பிரதியையும் கையோடு எடுத்துட்டுப் போங்க.

தீவு_தாத்தா: வெஸ்ட்வில் என்றால் எங்களையும் மறக்காதீர்கள் பிள்ளைகளா. டர்பன் துறைமுகத்தில் சாலிஸ்பரி தீவில், கடற்படை விட்டுப்போன கட்டடங்களில் 1961ல் தொடங்கிய இந்தியர் கல்லூரிதான் பின்னால் வெஸ்ட்வில்லுக்குப் போனது. நாங்கள் படகேறிப் போய்ப் படித்தவர்கள். எங்கள் சான்றிதழில் இருக்கும் பெயர் அந்தப் படிவத்தில் இருக்கிறதா?

டோங்காட்_தம்பி: செப்டம்பர் 24 பிராய்க்கு, அந்தக் கறி சுடும் விருந்துக்குத்தானே அக்கா இந்த அவசரம்? நானும் வருகிறேன்.

சாட்ஸ்வர்த்_சரோ: அதைத்தான் கேட்கணும். அந்த ஹெரிடேஜ் நாள் லீவு எந்த வருஷமும் புரட்டாசியில்தான் விழுது. பாதி வீட்டில் கவிச்சி தொடமாட்டாங்கன்னு தெரிஞ்சும் கறி சுடுவாங்களா?

போன்கார_பாலா: நாடே அன்றைக்குக் கறி சுடுகிறது. வேண்டாதவர்களுக்குத் தனி அடுப்பு வைத்தால் முடிந்தது.

சாட்ஸ்வர்த்_சரோ: போன வருஷமும் தனி அடுப்புதான். ஆனால் வோர்ஸ் சாசேஜைத் திருப்பின அதே இடுக்கியால்தான் எங்கள் சோளத்தையும் திருப்பினாங்க. நெய் சொட்டுதுன்னு பார்த்தால் அது நெய்யே இல்லை.

வெருலம்_வாத்தியார்: சனிக்கிழமை விரதம் இருந்தாலே போதும் என்பவர்களும் உண்டு. எல்லாரும் மாதம் முழுக்க இருப்பதில்லை.

சாட்ஸ்வர்த்_சரோ: எங்க வீட்டில் மாதம் முழுக்கத்தான். உங்க வீட்டு அம்மாவைக் கேட்டுப் பாருங்க ஐயா.

டோங்காட்_தம்பி: வாத்தியாரைக் காணோம் 😄

மெரிபேங்க்_மல்லி: சேர்த்துக்கொண்டார்கள். கல்யாணச் சான்றிதழ்தான் வேலை செய்தது, நன்றி சரோ அக்கா. படிவத்தில் புதிய பல்கலைக்கழகத்தின் பெயரைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமாம்.

தீவு_தாத்தா: தீவில் படித்தவர்களும் அதையேதான் தேர்ந்தெடுக்க வேண்டுமா அம்மா?

டோங்காட்_தம்பி: சந்தா எவ்வளவு அக்கா?