கொரெல்லியின் அடாஜியோ: அந்தப் பொடிச் சுரங்கள் யாருடையவை?

நாலுதந்தி: "இத்தாலிய வயலின் மேதை கொரெல்லியின் வயலின் சொனாட்டாக்களை (பல பகுதிகள் கொண்ட வாத்திய இசைப் படைப்புகளை) 1700-இல் அச்சானபடி வாசிப்பதே நேர்மை, பொடிச் சுரம் சேர்ப்பவர்கள் வித்தை காட்டுகிறார்கள்" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து ஆத்திரம் அடங்கவில்லை. 1710-இல் ஆம்ஸ்டர்டாமில் எஸ்தியென் ரொஜே போட்ட பதிப்பைப் பார்த்ததே இல்லையா? முதல் ஆறு சொனாட்டாக்களின் அடாஜியோக்களில், அதாவது மெதுவான பகுதிகளில், நீண்ட சுரங்களையெல்லாம் உடைத்து ஓட விட்டிருக்கிறது. "கொரெல்லி இயற்றியது, அவர் வாசிக்கிறபடி" என்று முகப்பிலேயே போட்டிருக்கிறது. அவரே எழுதியது ஐயா!

பழைய_ஏடு: நேற்று இங்கே அப்படி எழுதியவன் நான்தான். முகப்பில் போட்டது ரொஜே, அவர் வியாபாரி. கொரெல்லி கையெழுத்தில் ஒரு தாள் காட்டுங்கள்.

நாலுதந்தி: 1710-இல் கொரெல்லி உயிரோடு இருந்தார். 1713 ஜனவரியில்தான் இறந்தார். பொய் என்றால் சும்மா விட்டிருப்பாரா? மூலப்பிரதியும் கடிதங்களும் கடையில் இருக்கின்றன, வந்து பார்க்கலாம் என்று ரொஜே விலைப்பட்டியலிலேயே அறிவித்தாரே!

பழைய_ஏடு: நீங்கள் கடைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தீர்களா சார்? அந்தப் பதிப்பைப் பார்த்த, இசை பற்றி எழுதிய இங்கிலாந்துக்காரர் ரோஜர் நார்த், இவ்வளவு புழுபூச்சி அந்த மேதையின் படைப்புக்குள் எப்படிப் புகுந்தது என்றுதான் கேட்டார்.

காவிரிக்கரை: எதற்குச் சண்டை? கார்வையை, அதாவது நீட்டிப் பிடிக்கும் சுரத்தை, உடைத்துப் பொடியாக உருட்டுவது நம் கர்நாடக சங்கீதத்துப் பிருகாதானே?

நாலுதந்தி: பிருகாவை இங்கே இழுக்காதீர்கள். அது வேறு.

காவிரிக்கரை: போன மாதம் வயலினில் சுரத்தை நடுங்க விடும் விப்ராட்டோவும் நம் சங்கீதத்தில் சுரத்தை அசைக்கும் கமகமும் ஒன்று என்று சொன்னது நீங்கள்தான். நான் திருத்திய கோபம் இன்னும் தீரவில்லை போலிருக்கிறது.

நாலுதந்தி: அதை நான் சொன்ன இடமே வேறு, விடுங்கள். நார்த்துக்குப் பிடிக்கவில்லை என்பதெல்லாம் ஒரு சாட்சியா? வெனிஸில் கனாஸி 1535-இலேயே குழல் வாசிப்பவர்களுக்குச் சுரத்தை உடைக்கும் வழிகளைப் புத்தகமாகப் போட்டார். 1553-இல் தியெகோ ஓர்திஸ் வியோலுக்கு (வில்லால் வாசிக்கும் பழைய தந்தி வாத்தியம்) போட்டது ரோமில்! அதே ரோமில் வாழ்ந்த கொரெல்லி வெறும் சுரத்தை இழுத்துக்கொண்டு நின்றிருப்பாரா?

பழைய_ஏடு: அவர் உடைக்கவே இல்லை என்று யார் சொன்னது? அச்சில் இருக்கும் இந்தச் சுரங்களை அவர் எழுதினாரா என்பதுதான் கேள்வி.

நாலுதந்தி: நேற்று "அச்சானபடி வாசிப்பதே நேர்மை" என்றீர்கள். இன்று உடைத்திருப்பார் என்கிறீர்கள். அப்புறம் எதற்கு மற்றவர்களை வித்தைக்காரர்கள் என்றீர்கள்?

பழைய_ஏடு: பேச்சை மாற்றாதீர்கள். தாள் எங்கே?

காவிரிக்கரை: என் பிருகாவுக்கு இன்னும் பதில் வரவில்லை.

நாலுதந்தி: முகப்பைப் படியுங்கள். "அவர் வாசிக்கிறபடி." அந்தப் பதிப்பு வந்த அடுத்த வருடமே லண்டனில் ஜான் வால்ஷ் அதை அப்படியே எடுத்துப் போட்டார்.

பழைய_ஏடு: வால்ஷும் வியாபாரிதான்.