391 பகா எண்ணா? அவசரம், தெரிந்தவர்கள் சொல்லவும்

குன்னூர்_பதியம்:
391 வருகிறது. எதால் வகுத்தாலும் மீதி நிற்கிறது. இது பகா எண்தானா? அப்படியென்றால் நாளைக்குள் வேறு வழி பார்க்க வேண்டும்.

மலைத்தேன்:
391 என்ன? ரூபாயா, ஆளா, மூட்டையா? எதற்கு வகுக்கிறீர்கள்?

கோத்தகிரிக்காரி:
"எதால் வகுத்தாலும்" என்றால் எதுவரை? அதைச் சொல்லுங்க முதலில்.

ஆறின்_பக்கம்:
கேள்வியே வேண்டாம், பகா எண்தான். 2, 3 தவிர எல்லாப் பகா எண்ணும் 6-இன் மடங்குக்கு ஒன்று முன்னாலோ பின்னாலோதான் இருக்கும். 390 என்பது 6 × 65. அதற்கு அடுத்தது 391. முடிந்தது.

மலைத்தேன்:
24-க்கு அடுத்தது 25. அதுவும் பகா எண்ணா அண்ணா? பகா எண்கள் எல்லாம் அந்த இடத்தில் இருக்கும், சரி. அந்த இடத்தில் இருப்பதெல்லாம் பகா எண் ஆகிவிடாது.

ஓய்வு_வாத்தியார்:
இதெல்லாம் ஆறாம் வகுப்புப் பாடம். மடங்குகளை அடித்துக்கொண்டே போய்ப் பகா எண்களை மட்டும் மிச்சம் வைக்கும் எரடோஸ்தனிஸ் சல்லடையை ஒரு தாளில் போட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகுமா? இப்போதெல்லாம் கைபேசி இல்லாமல் ஏழாம் வாய்ப்பாடுகூட யாருக்கும் வருவதில்லை. சொன்னால் கோபம் வரும்.

குன்னூர்_பதியம்:
தொட்டிங்க. சால்வியா பூச்செடி. சங்க விழாவுக்கு ஓட்டை இல்லாமல் செவ்வகமாக நிற்க வேண்டும் என்கிறார் தலைவர். 2, 3, 5, 7, 11, 13 பார்த்தாச்சு. 13-க்கு ஒன்று மீதி.

கோத்தகிரிக்காரி:
13-இல் நிறுத்தக் கூடாது தம்பி. இரண்டு காரணியும் 20 அல்லது அதற்கு மேல் என்றால் பெருக்கினால் 400-க்குக் குறையாது. 391 அதற்குள் இருப்பதால், பகு எண்ணாக இருந்தால் ஒரு காரணியாவது 19-க்குள் சிக்கியே ஆக வேண்டும். மிச்சம் இருப்பது 17, 19 இரண்டுதான். 17 × 20 = 340. பாக்கி 51. அது 17 × 3. ஆக 17 × 23. பகா எண் இல்லை. இடம் எவ்வளவு, தொட்டி வாய் எவ்வளவு?

குன்னூர்_பதியம்:
அகலம் 15 அடி. நீளம் தாராளம். தொட்டி 10 அங்குலம்.

கோத்தகிரிக்காரி:
17 தொட்டி 170 அங்குலம், அதாவது 14 அடி 2 அங்குலம். அகலத்தில் 17, நீளத்தில் 23. ஒட்டி ஒட்டி வைத்தால் கச்சிதம்.

புகைவண்டிப்_பிரியன்:
நம்ம மலை ரயில் பாதையில் 208 வளைவு, 16 குகை. 208-ஐ 16-ஆல் வகுத்தால் சரியாக 13! யாராவது கவனித்தீர்களா?

ஆறின்_பக்கம்:
13 சாதாரண எண் இல்லை. வட அமெரிக்காவில் 13 ஆண்டுக்கு ஒருமுறை மண்ணிலிருந்து வரும் சிள்வண்டு உண்டு, 17 ஆண்டு வண்டும் உண்டு. இரண்டும் பகா எண். அதில் ஒவ்வொரு கூட்டம் 2024-இல் சேர்ந்து வந்தது. அதற்கு முன் 1803. நடுவில் 221 ஆண்டு, 13 × 17. எதிரிகளின் சுழற்சியோடு அடிக்கடி மோதாமல் இருக்கத்தான் இயற்கை பகா எண்ணைத் தேர்ந்தெடுக்கிறது.

மலைத்தேன்:
அப்போ நீலக்குறிஞ்சிக்கு ஏன் 12? 2, 3, 4, 6 என்று நாலு பக்கமும் மோதுமே. 2006, 2018 என்று பூத்துக்கொண்டுதானே இருக்கிறது? அடுத்தது 2030. அந்த வண்டுக் கதை ஒரு கருதுகோள், தீர்ப்பு இல்லை.

கொடைக்கானல்வாசி:
குறிஞ்சி என்றால் குறிஞ்சி ஆண்டவர் கோயில் இருக்கும் எங்கள் ஊர்தான். நீலகிரிக்காரர்கள் சும்மா சொந்தம் கொண்டாட வேண்டாம்.

மலைத்தேன்:
மலைக்கே நீலகிரி என்று பெயர் வந்தது எதனால் என்கிறார்கள், கேட்டுப் பாருங்கள்.

ஓய்வு_வாத்தியார்:
கேட்டது காரணி. பேசுவது பூ.

குன்னூர்_பதியம்:
வண்டியிலிருந்து இறக்கும்போது ஒரு தொட்டி உடைந்துவிட்டது. இப்போது 390. அகலத்தில் 15, நீளத்தில் 26 வைத்தாச்சு. நன்றி அக்கா.

ஆறின்_பக்கம்:
390 என்பது 6-இன் மடங்கு. சொன்னேனே!

கோத்தகிரிக்காரி:
சரி தம்பி. நடுவில் நடக்க வழி விட்டீர்களா? உள்வரிசைத் தொட்டிக்குத் தண்ணீர் எப்படி ஊற்றுவீர்கள்?