பொருள் தெரிந்தும் பிசகும் ஆங்கில மரபுத்தொடர்கள்: கண்டதும் திருத்தியதும்

அலுவலகக் கடிதங்களைத் திருத்துபவர்

வாடிக்கையாளருக்குப் போகவிருந்த கடிதம் ஒன்றில் இப்படி ஒரு வரி: "டிலே இஸ் அவுட் ஆஃப் த கொஸ்டின்." எழுதியவர் சொல்ல நினைத்தது, "தாமதம் ஆகும், அதில் கேள்விக்கே இடமில்லை" என்பதை. ஆங்கிலம் அறிந்தவர் படித்தால் கிடைக்கும் பொருள், "தாமதம் என்ற பேச்சுக்கே இடமில்லை". நேர் எதிர். சரக்கு வந்து சேராதபோது அந்தக் கடிதமே எழுதியவருக்கு எதிரான சாட்சியாகிவிடும்.

'அவுட் ஆஃப் த கொஸ்டின்' என்றால் நடக்கவே நடக்காது. ஐயமில்லை என்று சொல்ல 'பியாண்ட் கொஸ்டின்' அல்லது 'வித்தவுட் கொஸ்டின்' வேண்டும். முதல் தொடரில் 'த' உண்டு, மற்ற இரண்டிலும் இல்லை என்பதைக் கவனியுங்கள். தமிழில் இந்த 'எ', 'த' இல்லாததால் நம் காது அவற்றைத் தவிடு போலப் புடைத்துத் தள்ளிவிடுகிறது. மரபுத்தொடரில் பல நேரம் அதுதான் அரிசி.

இன்னும் இரண்டு இணைகள். 'டேக் ப்ளேஸ்' என்றால் நிகழ்தல். 'டேக் த ப்ளேஸ் ஆஃப்' என்றால் ஒன்றின் இடத்துக்கு இன்னொன்று வருதல். 'த நர்ஸ் இஸ் இன் சார்ஜ் ஆஃப் த சைல்ட்' என்றால் குழந்தைக்குச் செவிலியர் பொறுப்பு. 'த சைல்ட் இஸ் இன் த சார்ஜ் ஆஃப் த நர்ஸ்' என்றால் குழந்தை செவிலியர் பொறுப்பில் இருக்கிறது. இரண்டிலும் பார்த்துக்கொள்பவர் செவிலியரே. இரண்டாவதில் அந்த 'த'வை விட்டுவிட்டால் குழந்தைதான் செவிலியரைப் பார்த்துக்கொள்கிறது என்று புரண்டுவிடும்.

'அவுட் ஆஃப் ஹேண்ட்' தனி வகை. 'திங்ஸ் காட் அவுட் ஆஃப் ஹேண்ட்' என்றால் நிலைமை கைமீறிப் போயிற்று. 'ஹி ரிஜெக்டட் இட் அவுட் ஆஃப் ஹேண்ட்' என்றால் யோசிக்காமல் எடுத்த எடுப்பில் மறுத்துவிட்டார். தொடர் ஒன்றுதான். பக்கத்தில் நிற்கும் வினைதான் பொருளை முடிவு செய்கிறது. ஆகவே தொடரைத் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள், வினையோடு சேர்த்தே பிடியுங்கள்.

மொழிபெயர்ப்பாளர்

மேலே சொன்னதற்கு உறவுக்காரச் சிக்கல் ஒன்று: தமிழில் அதே உருவம் இருப்பதால் ஏமாறுவது.

'புல் சம்படீஸ் லெக்' என்பதைக் 'காலை வாரிவிட்டான்' என்று பெயர்த்திருப்பதை எத்தனையோ இடங்களில் பார்க்கலாம். ஆங்கிலத்தில் அது விளையாட்டாகப் பொய் சொல்லிச் சீண்டுவது. கேட்டவரும் கடைசியில் சிரிப்பார். தமிழில் 'காலை வாரிவிடுவது' நம்பியவரைக் கவிழ்ப்பது. அதற்கு ஆங்கிலத்தில் நெருக்கமானது 'புல் த ரக் ஃப்ரம் அண்டர் சம்படி', அதாவது நிற்பவரின் காலடியிலிருந்து விரிப்பை உருவுவது. நண்பர் சீண்டியதைச் சொல்லும் வரியில் 'காலை வாரினார்' என்று போட்டால் கதையில் இல்லாத துரோகி ஒருவர் முளைத்துவிடுகிறார்.

'வயிற்றெரிச்சல்' இன்னொன்று. அதை 'ஹார்ட்பர்ன்' என்று எழுதினால், பொறாமை என்று நாம் நினைக்க, படிப்பவர் நெஞ்சு கரிக்கிறது, மாத்திரை போட வேண்டும் என்று நினைப்பார். பொறாமைக்கு 'க்ரீன் வித் என்வி'. 'தலைக்கனம்' ஆங்கிலத்தில் கனக்காது, பெரிதாகும்: 'பிக் ஹெடட்'. 'காதில் பூச் சுற்றுவது' அங்கே கண்ணுக்குப் போய்விடும்: 'புல் த வுல் ஓவர் சம்படீஸ் ஐஸ்'.

அச்சாகப் பொருந்துபவையும் உண்டு, அவற்றைத் தயங்காமல் பயன்படுத்தலாம். 'மூக்கை நுழைப்பது' அப்படியே 'போக் யுவர் நோஸ் இன்டு'. 'எரிகிற தீயில் எண்ணெய்' அப்படியே 'ஆட் ஃப்யூவல் டு த ஃபயர்'. 'ஒரே கல்லில் இரண்டு மாங்காய்' அங்கே இரண்டு பறவை. 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' அங்கே வெயிலுள்ளபோதே வைக்கோல் உலர்த்துவது: 'மேக் ஹே ஒயில் த சன் ஷைன்ஸ்'. அறுவடைக்காரனின் அவசரம் இரண்டு மொழியிலும் ஒன்றுதான். ஒரு காலத்தில் நிலக்கரி ஏற்றுமதிக்குப் பேர்போன இங்கிலாந்துத் துறைமுகமான நியூகாசிலுக்கே கரி சுமந்து போவதை 'கேரி கோல்ஸ் டு நியூகாசில்' என்பார்கள். நமக்கு அது கொல்லன் தெருவில் ஊசி விற்பது.

எனக்கு மிகவும் பிடித்த இணை, 'ஸ்பின் எ யார்ன்' என்பதும் 'கயிறு திரித்தல்' என்பதும். இரண்டுமே நாரை முறுக்குகிற வேலையிலிருந்து வந்த சொற்கள். ஆனால் கவனம்: தமிழில் கயிறு திரிப்பவர் பொய்யர். ஆங்கிலத்தில் 'யார்ன்' சொல்பவர் சுவையாக நீட்டி முழக்கிக் கதை சொல்பவராகவும் இருக்கலாம். அது பாராட்டாகவும் வரும்.

மேலுள்ளவருக்குப் பதில், ஒரு வரி சேர்க்கிறேன்

'மதில் மேல் பூனை'யை 'சிட் ஆன் த ஃபென்ஸ்' என்று பெயர்ப்பதிலும் ஒரு நூலிழை வித்தியாசம். நம் பூனை எந்தப் பக்கமும் குதிக்கும், கவனம் குதிப்பின்மேல் இருக்கிறது. வேலிமேல் உட்கார்ந்திருப்பவர் குதிக்கவே மாட்டேன் என்கிறார், யாரையும் பகைக்க விரும்பாமல்.

ஆங்கில ஆசிரியை

மாணவர்கள் அடிக்கடி கேட்பது: "மேடம், மரபுத்தொடரில் ஒரு சொல்லைக்கூட மாற்றக் கூடாதா?" மாற்றலாம், எங்கே என்பதுதான் கேள்வி.

முதலில் வினையின் காலம். பெரும்பாலான தொடர்களில் அது தாராளமாக மாறும்: 'லெட்', 'லெட்டிங்', 'ஹாஸ் லெட் த கேட் அவுட் ஆஃப் த பேக்' (ரகசியத்தை வெளியே விடுதல்). ஆனால் 'பை அண்ட் லார்ஜ்' (பொதுவாக) போன்றவை கல்லில் வெட்டியவை. 'லார்ஜ் அண்ட் பை' என்று ஒன்று கிடையாது. 'சேஃப் அண்ட் சவுண்ட்', 'வேர் அண்ட் டேர்', 'ஆட்ஸ் அண்ட் எண்ட்ஸ்' எல்லாமே வரிசை மாறாதவை. நாம் 'அக்கம் பக்கம்' என்போம், 'பக்கம் அக்கம்' என்போமா?

அடுத்து செயப்பாட்டு வினை. 'ஸ்பில் த பீன்ஸ்' (ரகசியத்தை உளறுதல்) என்பதை 'த பீன்ஸ் வேர் ஸ்பில்ட்' என்று திருப்பலாம், பொருள் நிற்கும். 'புல் ஸ்ட்ரிங்ஸ்' (செல்வாக்கால் காரியம் சாதித்தல்) என்பதையும் 'ஸ்ட்ரிங்ஸ் வேர் புல்ட்' எனலாம். ஆனால் 'கிக் த பக்கெட்' (சாதல்) என்பதை 'த பக்கெட் வாஸ் கிக்ட்' என்றால் யாரோ நிஜமாகவே வாளியை உதைத்தார் என்றுதான் ஆகும். காரணம் இருக்கிறது. 'பீன்ஸ்' என்பது ரகசியத்துக்கும் 'ஸ்பில்' என்பது வெளிப்படுத்தலுக்கும் ஈடாக நிற்கின்றன, பாகம் பாகமாகப் பிரிக்கலாம். வாளி எதற்கும் ஈடு இல்லை. மூன்று சொல்லும் சேர்ந்துதான் ஒரே பொருள். ஒரு தொடரைக் கற்கும்போதே "இதில் பெயர்ச்சொல் எதைக் குறிக்கிறது?" என்று கேளுங்கள். விடை கிடைத்தால் பெரும்பாலும் திருப்பலாம், கிடைக்காவிட்டால் கை வைக்காதீர்கள். வாளிக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு: 'ஹி வாஸ் டையிங் ஃபார் வீக்ஸ்' சரி, 'ஹி வாஸ் கிக்கிங் த பக்கெட் ஃபார் வீக்ஸ்' முடியவே முடியாது. அது நொடியில் முடிகிற செயல்.

மூன்றாவது, அகராதிக் குறியீடு. இதை யாரும் சொல்லித் தருவதில்லை, வருத்தமாக இருக்கிறது. அகராதியில் 'யுவர்' அல்லது 'ஒன்ஸ்' என்று இருந்தால் அது எழுவாய்க்கு உரியது: 'பைட் யுவர் டங்' என்பது 'ஷி பிட் ஹெர் டங்' ஆகும், அவள் நாக்கையே அவள் கடித்தாள். 'சம்படீஸ்' என்று இருந்தால் வேறொருவருக்கு உரியது: 'புல் சம்படீஸ் லெக்' என்பது 'ஷி புல்ட் ஹிஸ் லெக்' ஆகும். இதை மாற்றிப் பிடித்து 'ஐ புல்ட் மை லெக்' என்று எழுதினால், தசை பிடித்துக்கொண்டதோ என்று கேட்பார்கள்.

ஒருமை பன்மையும் அப்படியே. 'தே சேஞ்ச்ட் தேர் மைண்ட்ஸ்' என்பதில் மனம் பன்மை ஆகிறது. 'த டெஸ்ட்ஸ் வேர் எ பீஸ் ஆஃப் கேக்' (தேர்வுகள் மிக எளிது) என்பதில் தேர்வுகள் எத்தனை ஆனாலும் கேக் ஒரு துண்டுதான்.

செவிலியர்களுக்கு மொழிப் பயிற்சி தருபவர்

இடம் அறியாமல் போடுவது பெரிய தீங்கு. 'கிக் த பக்கெட்' விளையாட்டுப் பேச்சு, இரங்கல் செய்தியில் வரவே கூடாது. அங்கே 'பாஸ்ட் அவே' அல்லது நேரடியாக 'டைட்'. 'அண்டர் த வெதர்' என்பது சளி, களைப்பு போன்ற சிறு உபாதைக்கு. தீவிர சிகிச்சையில் இருப்பவரை அப்படிச் சொன்னால் குடும்பத்தாருக்கு அது அலட்சியமாகவே படும். 'பிரேக் எ லெக்' மேடை ஏறப்போகும் கலைஞருக்கான வாழ்த்து. எலும்பு முறிவுப் பிரிவில் அதை யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

'ஐ ஆம் அஃப்ரெய்ட்' என்று தொடங்கினால் பெரும்பாலும் அச்சம் இல்லை, "மன்னிக்கவும்" என்பதன் மென்மையான வடிவம். 'ஐ ஆம் அஃப்ரெய்ட் த டாக்டர் இஸ் நாட் இன்' என்றால் மருத்துவர் இல்லை, அவ்வளவே.

தேர்வுத் தாள் திருத்துபவர்

எதிர்மறையில் மட்டுமே வாழும் தொடர்களைப் பற்றி யாரும் பேசவில்லை. 'ஹி லிஃப்டட் எ ஃபிங்கர் டு ஹெல்ப் மீ' என்று விடைத்தாளில் வருகிறது. 'டிட்ன்ட் லிஃப்ட் எ ஃபிங்கர்' என்றால்தான் அது தொடர்: ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடவில்லை. துரும்பைக் கிள்ளிப் போட்டு உதவினார் என்று நாம் சொல்வதில்லையே.

'டிட்ன்ட் ஸ்லீப் எ விங்க்', 'டஸ்ன்ட் ஹோல்ட் வாட்டர்' (வாதம் நிற்காது), 'நாட் ராக்கெட் சயின்ஸ்' (கடினமானதல்ல), 'நாட் மை கப் ஆஃப் டீ' (எனக்குப் பிடித்தமானதல்ல) எல்லாம் இதே குலம். கடைசியது உடன்பாட்டிலும் வரும், ஆனால் அரிது. 'குடின்ட் கேர் லெஸ்' என்பதை அமெரிக்கர்கள் பலர் 'குட் கேர் லெஸ்' என்றே பேசுகிறார்கள். இரண்டுக்கும் பொருள் ஒன்றே, எனக்குக் கவலையே இல்லை. எழுதும்போது முதலாவதே பாதுகாப்பு.

'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' என்பதையும் பலர் 'வாழ்வில் ஒரே ஒரு முறை' என்று எழுதுகிறார்கள். அதற்கு 'ஒன்ஸ் இன் எ லைஃப்டைம்' இருக்கிறது. நீல நிலா என்பது ஒரே மாதத்தில் வரும் இரண்டாவது முழுநிலவு. ஏறக்குறைய இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை வரும். ஆக, அத்தி பூத்தாற்போல், ஆனால் மறுபடியும் பூக்கும்.

அலுவலகக் கடிதங்களைத் திருத்துபவர்

கடல் கடந்தால் மாறும் சொற்களையும் சேர்த்துவிடுகிறேன். பிரிட்டனில் 'டச் வுட்', அமெரிக்காவில் 'நாக் ஆன் வுட்'. சுற்றி வளைத்துப் பேசுவது பிரிட்டனில் 'பீட் அபவுட் த புஷ்', அமெரிக்காவில் 'பீட் அரவுண்ட் த புஷ்'. ஒன்றை முழுதாக நம்பாமல் எடுத்துக்கொள்வதைச் சொல்லும் தொடரில் உப்பு பிரிட்டனில் ஒரு சிட்டிகை, 'பிஞ்ச்'; அமெரிக்காவில் ஒரு கல், 'க்ரெய்ன்'. இவை புரியாமல் போகாது, ஒரே கடிதத்தில் கலக்காமல் இருந்தால் போதும்.

ஆபத்தானது 'டேபிள்'. கூட்டத்தில் ஒன்றை 'டேபிள்' செய்வது பிரிட்டனில் விவாதத்துக்கு எடுப்பது, அமெரிக்காவில் கிடப்பில் போடுவது. இரண்டாம் உலகப் போரின்போது அவசரமான தாள் ஒன்றை 'டேபிள்' செய்ய வேண்டும் என்று பிரிட்டிஷ் அதிகாரிகள் சொல்ல, அமெரிக்கத் தரப்பு மறுக்க, நெடுநேரம் வாக்குவாதம் நடந்த பிறகே இருவரும் விரும்பியது ஒன்றுதான் என்று தெரிந்ததாகச் சர்ச்சில் தன் போர் வரலாற்றில் எழுதியிருக்கிறார். இரு தரப்பும் படிக்கும் கடிதத்தில் அந்தச் சொல்லையே விட்டுவிட்டு 'டிஸ்கஸ்' அல்லது 'போஸ்ட்போன்' என்று எழுதுங்கள்.

மொழிபெயர்ப்பாளர்

பிறப்புக் கதைகளை நம்பி மனப்பாடம் செய்பவர்களுக்கு: 'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' (கனமழை) கூரையிலிருந்து நாயும் பூனையும் வழுக்கி விழுந்ததால் வந்தது என்பது, 1999 வாக்கில் மின்னஞ்சலில் சுற்றிய கட்டுக்கதைத் தொகுப்பில் பரவியது. 'சேவ்ட் பை த பெல்' (கடைசி நொடியில் தப்புதல்) சவப்பெட்டி மணியிலிருந்து வந்தது என்பதும் கட்டுக்கதையே. அது குத்துச்சண்டைச் சுற்று முடிவதை அறிவிக்கும் மணி. மேலும், நாயும் பூனையும் இன்று பாடநூலில்தான் அதிகம் பெய்கின்றன. பேச்சில் 'இட்ஸ் போரிங்' (அலுப்பு என்ற சொல் அல்ல, மழை கொட்டுகிறது) என்று கேட்பதே வழக்கம்.

ஆங்கில ஆசிரியை

எதில் தேடுவது என்று ஒருவர் கேட்டிருந்தார். கற்பவருக்கான அகராதியே நல்லது. ஆக்ஸ்ஃபோர்டின் அந்த வகை அகராதி ஹார்ன்பி என்பவர் தொகுத்து 1942ல் டோக்கியோவில் முதலில் வெளியானபோது, அதன் பெயரிலேயே 'இடியமேட்டிக்' (மரபுவழக்கு சார்ந்த) என்ற சொல் இருந்தது. அதில் தொடரை அதன் முதல் முக்கியச் சொல்லின்கீழ் தேட வேண்டும்: 'ஸ்பில் த பீன்ஸ்' என்றால் 'ஸ்பில்'. 'இன்ஃபார்மல்', 'ஓல்டு ஃபேஷன்ட்', 'ஹ்யூமரஸ்' என்ற சிறு குறிப்புகளைத் தாண்டிப் போகாதீர்கள்.

பிறகு கோக்கா என்ற அமெரிக்க ஆங்கிலச் சொற்றொகுதியில் தொடரைத் தட்டுங்கள். 1990 முதல் 2019 வரையிலான நூறு கோடிச் சொற்களுக்கு மேல் அதில் இருக்கின்றன. பத்து வரிகள் படித்தால் எந்த வினை, எந்த 'த', உடன்பாடா எதிர்மறையா என்பது கண்ணில் படும். அதைக் குறிப்பேட்டில் முழு வாக்கியமாக எழுதுங்கள். மாணவி ஒருவரின் பதிவு இது, இப்படி இருந்தால் போதும்:

சீ ஐ டு ஐ. இரண்டு 'ஐ'யும் ஒருமை, 'எ' 'த' எதுவும் வராது. பொருள்: ஒத்த கருத்து. பெரும்பாலும் எதிர்மறை, 'டோன்ட் ஆல்வேஸ்' அடிக்கடி முன்னால் வரும். யாருடன் என்றால் 'வித்', எதைப் பற்றி என்றால் 'ஆன்'. கடிதத்திலும் பேச்சிலும் சரி. 'மை பிரதர் அண்ட் ஐ டோன்ட் ஆல்வேஸ் சீ ஐ டு ஐ ஆன் மணி.' தமிழில் 'நேருக்கு நேர் பார்ப்பது' அல்ல.