சைட்கேபர்: ‘காலத்தூண்டி’ பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

விலங்குகளின் உடற்கடிகாரத்தை வெளியிலிருந்து நேர்ப்படுத்தும் காரணியான சைட்கேபருக்குத் (Zeitgeber) தமிழ்ச்சொல்லாக ஐயா ஒருவர் ‘காலத்தூண்டி’ என்று முன்மொழிந்திருக்கிறார். காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஏற்கத் தயங்குகிறேன். தடுப்பது வௌவால்.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம். கே. சந்திரசேகரனின் குழு 1970களின் பிற்பகுதியில் செய்த ஆய்வைப் பாருங்கள். வெளிச்சம் எட்டாத குகையின் உட்பகுதியில் இலைமூக்கு வௌவாலைக் கூண்டில் வைத்தார்கள். வெளியே இருட்டிவிட்டதா என்று அதற்குத் தெரிய வழியில்லை. அப்படியிருந்தும், குகையிலிருந்த மற்ற வௌவால்கள் அந்தியில் இரைதேடக் கிளம்பும் நேரத்துக்குக் கூண்டிலிருந்ததும் சிறகடிக்கத் தொடங்கியது. வௌவால்களே இல்லாத குகையில் தனியே வைத்தபோதும் பறப்பதை அது விட்டுவிடவில்லை. பறக்கத் தொடங்கும் நேரம் மட்டும் 24 மணிக் கணக்கோடு ஒட்டாமல் நாளுக்கு நாள் விலகிக்கொண்டே போனது.

தூண்ட ஆளில்லாமலே உடலின் அன்றாடத் தாளம் ஓடுகிறது என்றால், சைட்கேபரைத் ‘தூண்டி’ என்று எப்படிச் சொல்வது? 1954இல் இச்சொல்லைக் கொண்டுவந்த உடற்கடிகார ஆய்வாளர் யூர்கன் அஷோஃபின் ஜெர்மன் மூலத்துக்கும் ‘நேரம் தருவது’ என்றுதான் பொருள். அதையும் அப்படியே பெயர்க்க வேண்டாம். நேரம் உள்ளேயே இருக்கிறது. வெளிக்காரணி அதை இணங்க வைக்கிறது, அவ்வளவுதான். ‘ஒளி’ என்ற சொல்லை வைத்து மற்றவர்கள் தந்த பரிந்துரைகளும் இதே குகையில் அடிபட்டுப் போகின்றன. அங்கே இணங்க வைத்தது ஒளியல்ல, கூட்டாளிகளின் நடமாட்டம்.

என் பரிந்துரை ‘பொழுதிணக்கி’. பொழுது என்றால் சூரியன்தானே, ஒளி மறுபடி நுழைகிறதே என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் சிறுபொழுது, பெரும்பொழுது என்று நாளையும் ஆண்டையும் ஒரே சொல்லால் அளந்தவர்கள் நாம். பருவத்துக்கேற்ப இனப்பெருக்கம் செய்யும், வலசை போகும் விலங்குகளின் ஆண்டுத் தாளத்துக்கும் சைட்கேபர் உண்டு என்பதால் அந்த அகலம் இங்கே தேவைப்படுகிறது. ‘காலம்’ அந்த அளவுக்கு அகன்றதுதான். ஆனால் இலக்கணத்தில் இறந்தகாலம், எதிர்காலம் என்று ஏற்கெனவே அதற்கு வேலை அதிகம்.

கிளைச்சொற்களும் சிக்கலின்றி வருகின்றன: நிகழ்வு பொழுதிணக்கம், வினை பொழுதிணங்கு, மதுரைக் குழு கண்டது சமூகப் பொழுதிணக்கம். தனித்த வௌவாலின் கட்டற்ற தாளத்துக்குத் ‘தன்னோட்டம்’ என்று வைத்திருக்கிறேன். அதில் எனக்கே முழு நிறைவில்லை. மோட்டார் தானாக ஓடுவதுபோல் ஒலிக்கிறது. மேலானது தோன்றினால் எழுதுங்கள்.