கரீபியன் கப்பல் பயணம்: எழுபதைக் கடந்த பெற்றோர் எல்லாத் தீவிலும் இறங்கத்தான் வேண்டுமா?

கேள்வி: தஞ்சை மகள்

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் நியூஜெர்சியில் வசிக்கிறோம். தஞ்சாவூரிலிருந்து வந்திருக்கும் என் பெற்றோரையும் சேர்த்துக்கொண்டு, ஜனவரியில் போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் துறைமுகத்தில் கிளம்பி அங்கேயே திரும்பும் ஏழு இரவுக் கப்பல் பயணத்துக்குப் பதிவு செய்திருக்கிறோம். செயின்ட் தாமஸ், செயின்ட் மார்ட்டின், மார்ட்டினிக், பார்படாஸ், செயின்ட் லூசியா ஆகிய ஐந்து தீவுகளில் கப்பல் நிற்கும். திரும்பும் வழியில் ஒரு நாள் முழுக்கக் கடல்தான்.

அப்பாவுக்கு எழுபத்து நான்கு வயது. முழங்கால் வலி உண்டு, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். ஆனால் கிரிக்கெட் என்று சொன்னால் வலி மறந்துவிடும். அம்மா முட்டைகூடச் சேர்க்காத சைவம். விடியற்காலை ஐந்து மணிக்குக் குளித்து, விளக்கேற்றிய பிறகுதான் அவருக்குக் காபி. எந்தத் தீவில் என்ன பார்க்கலாம் என்பதை நாங்களே தேடிக்கொள்வோம். கப்பலுக்குள் ஒரு சாதாரண நாள் எப்படிப் போகும், அதில் இவர்கள் இருவரும் சிரமமில்லாமல் இருக்க முடியுமா என்பதைத்தான் அனுபவப்பட்டவர்களிடம் கேட்க விரும்புகிறேன். ஐந்து நாட்கள் தொடர்ந்து கரையிறங்கினால் சோர்ந்துவிடுவார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. என் கணவரோ, கட்டிய பணத்துக்கு ஒரு தீவையும் விடக் கூடாது என்கிறார்.

மறுமொழி: கிழக்குக் காற்று

சகோதரி, உங்கள் கணவர் கோபித்துக்கொள்ள வேண்டாம். எல்லாத் தீவிலும் இறங்க வேண்டியதில்லை. என் மாமனார் மாமியாரை இதே வழித்தடத்தில் அழைத்துச் சென்றவன் என்ற முறையில் சொல்கிறேன்.

கரைநாளில் கப்பல் பெரும்பாலும் காலை ஏழு, எட்டு மணிவாக்கில் துறையைப் பிடித்துவிடும். அதன் பிறகு இரண்டு மணி நேரத்துக்கு லிஃப்டில் இடம் கிடைக்காது. பஃபேயில் தட்டை வைத்துக்கொண்டு மேசை தேடுவார்கள். இறங்கும் பாலத்துக்குச் செல்லும் தளத்தில் தொப்பியும் துண்டுமாக ஒரு திருவிழாக் கூட்டமே நிற்கும். பத்தரை மணிக்கு மேல் அதே கப்பலைப் பாருங்கள். ஆயிரக்கணக்கானோர் இருந்த இடத்தில் அங்கொருவர் இங்கொருவராகச் சிலர்தான் இருப்பார்கள். நடைத்தளத்தின் நிழல் பக்கத்தில் சாய்வு நாற்காலியைப் போட்டு அமர்ந்தால், கீழே துறைமுகத்தில் நடக்கும் வேலை அத்தனையையும் பார்த்துக்கொண்டே இருக்கலாம். என் மாமனார் ஒரு முழு முற்பகலை, கப்பலின் பக்கவாட்டில் தொங்குமேடையில் நின்று வெள்ளை வண்ணம் பூசிய ஊழியர்களைப் பார்த்தே கழித்தார். பயணத்திலேயே தனக்குப் பிடித்த நாள் அதுதான் என்று இன்றும் சொல்கிறார்.

நானாக இருந்தால் செயின்ட் தாமஸிலும் செயின்ட் லூசியாவிலும் பெரியவர்களைக் கப்பலிலேயே விட்டுவிடுவேன். செயின்ட் தாமஸில் சுற்றிக்காட்டும் வண்டி பெரும்பாலும் சரக்கு வண்டியின் பின்புறத்தில் பெஞ்சுகளை வைத்துக் கூரை போட்டது. முழங்கால் வலியோடு அதில் ஏறி இறங்குவது எளிதல்ல. செயின்ட் லூசியாவில் எல்லோரும் பார்க்க விரும்பும் பிட்டோன் சிகரங்கள் தீவின் தென்மேற்கில் சூஃப்ரியேர் ஊரருகே இருக்கின்றன. கப்பல் நிற்பதோ வடக்கே காஸ்ட்ரீஸில். இடைப்பட்ட மலைச்சாலை கொண்டையூசி வளைவுகளாகவே போவதால், போகவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வாந்தி வருபவர்களுக்கு அது தண்டனை. நீங்களும் கணவரும் மட்டும் படகுவழிச் சுற்றுலாவில் போய் வாருங்கள்.

பார்படாஸில் மட்டும் அப்பாவை இறக்காமல் இருந்துவிடாதீர்கள். துறைமுகத்திலிருந்து கென்சிங்டன் ஓவல் மைதானம் வாடகை வண்டியில் சில நிமிடத் தூரம்தான். 2024 ஜூன் 29 அன்று இந்தியா தென்னாப்பிரிக்காவை ஏழு ரன் வித்தியாசத்தில் வென்று இருபது ஓவர் உலகக் கோப்பையைக் கைப்பற்றியது அங்கேதான். வெளியே பார்படாஸின் கிரிக்கெட் மேதை கேரி சோபர்ஸின் சிலை இருக்கிறது. உள்ளே அனுமதிக்காத நாளாக இருந்தாலும் அதன் பக்கத்தில் நிற்க வைத்து ஒரு படம் எடுத்துக் கொடுங்கள், போதும்.

நேரத்தைப் பற்றிக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மயாமியிலிருந்து கிளம்புபவர்களுக்குத்தான் கப்பல் நேரமும் தீவின் நேரமும் மாறும் தொல்லை. சான் ஹுவானும் நீங்கள் சொன்ன ஐந்து தீவுகளும் ஆண்டு முழுவதும் ஒரே நேரத்தில்தான் இயங்குகின்றன. ஜனவரியில் அது நியூஜெர்சியைவிட ஒரு மணி நேரம் முன்னால் இருக்கும் என்பதால், தானாக நேரம் மாற்றிக்கொள்ளாத கைக்கடிகாரத்தை முதல் நாளே திருத்திவிடுங்கள். கப்பல் கிளம்புவதற்கு அரை மணி முன்பாவது எல்லோரும் ஏறிவிட வேண்டும். நிறுவனத்தின் சொந்தச் சுற்றுலாவில் போனவர்களுக்காகக் கப்பல் காத்திருக்கும்; தனியாக வண்டி பிடித்துப் போனவர்களுக்காகக் காத்திருக்க வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை.

இன்னும் ஒன்று. ஜனவரியில் புயல் அபாயம் இல்லை; அந்தப் பருவம் ஜூன் முதல் நவம்பர் வரைதான். ஆனால் வடகிழக்குக் காற்று அந்த மாதங்களில் பலமாக வீசுவதால் தீவுகளுக்கு இடையே இரவில் கப்பல் ஆடும். அறையை இன்னும் மாற்ற முடியுமானால், கீழ்த்தளங்களில், கப்பலின் நடுப்பகுதியில் கேளுங்கள். பால்கனி வேண்டும் என்று உச்சித்தளத்தின் முனையில் போய் மாட்டிக்கொண்டால் அம்மாவுக்குத் தூக்கம் இருக்காது.

மறுமொழி: முத்துநகர் மாலுமி

நான் தூத்துக்குடிக்காரன். கரீபியன் வழித்தடக் கப்பல்களில் உணவகப் பணியாளராகச் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, இப்போது ஊரில் இருக்கிறேன். மேலே நண்பர் சொன்னதில் பெரும்பகுதியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கரைநாளில் கப்பலில் தங்குபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: அன்று கடைகளும் சூதாட்டக் கூடமும் பூட்டியிருக்கும், பெரிய உணவுக்கூடம் பல கப்பல்களில் மதியம் திறக்காது, பஃபே மட்டுமே இருக்கும். அம்மாவின் சைவச் சாப்பாட்டுக்கு அன்றுதான் சிக்கல் வரும்.

ஆகவே சாப்பாட்டு விஷயத்தை முதல் நாள் இரவே முடித்துவிடுங்கள். பதிவு செய்யும்போது இந்தியச் சைவ உணவு என்று குறித்திருந்தாலும் அதை நம்பி இருந்துவிடாமல், உணவுக்கூடத்தின் தலைமைப் பணியாளரை நேரில் பார்த்து, முட்டையும் மீனும் இறைச்சிச் சாறும் கூடாது என்று சொல்லுங்கள். அதன்பின் ஒவ்வொரு இரவும் அவரே மறுநாளைக்கு என்ன வேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொள்வார். வருவது பெரும்பாலும் வட இந்தியச் சமையலாகத்தான் இருக்கும். பருப்பு, பனீர், உருளைக்கிழங்கு என்று மூன்றாம் நாளே சலித்துவிடும். வெறும் சோறும் புளிக்காத தயிரும் தனியாகக் கேட்டால் தயங்காமல் கொடுப்பார்கள். எங்கள் ஊழியர் உணவுக்கூடத்தில் பிலிப்பைன்ஸ்காரர், இந்தோனேசியர், இந்தியர் என்று பலர் சாப்பிடுவதால் சோறு இல்லாத வேளையே கிடையாது. கடைகளில் விற்கும் சீல் வைத்த ஊறுகாய்ப் பாக்கெட்டை எடுத்து வாருங்கள். வீட்டில் சமைத்ததைக் கொண்டுவந்தால் ஏறும்போதே எடுத்துவிடுவார்கள்.

விளக்கு ஏற்ற முடியாது. கற்பூரம், ஊதுவத்தி, மெழுகுவத்தி எதற்கும் அனுமதி இல்லை. தண்ணீர் காய்ச்சும் கெட்டிலும் இஸ்திரிப் பெட்டியும்கூடப் பையைச் சோதிக்கும்போது பறிமுதலாகிவிடும். கடலில் கப்பல் அஞ்சுவது புயலைவிடத் தீயைத்தான். பேட்டரியில் எரியும் சிறு விளக்கு ஒன்று வாங்கி வாருங்கள். அம்மாவிடம் இதை ஊரிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏறிய பிறகு சொன்னால் வருத்தப்படுவார். காபிக்குக் கவலை இல்லை. பஃபே தளத்தில் வெந்நீரும் பாலும் விடிவதற்கு முன்பே கிடைக்கும். இன்ஸ்டன்ட் தூள் கையில் இருந்தால் போதும். கழிவறையில் தண்ணீர்க் குழாய் வசதி இருக்காது, ஒரு சிறு மக் பெட்டியில் இருக்கட்டும். உறிஞ்சும் முறையில் இயங்கும் கழிவறை என்பதால் பொத்தானை அழுத்தியதும் பெரும் சத்தம் கேட்கும். வயதானவர்கள் முதல் தடவை பயந்துபோவார்கள்.

ஏறும் நாளில் பெரிய பெட்டிகளைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்கள். அவை அறைக்கு வந்துசேர மாலையாகிவிடும். அப்பாவின் மாத்திரைகள் கைப்பையில் இருக்க வேண்டும். சக்கர நாற்காலி தேவைப்படும் என்று நினைத்தால் வாடகைக்கு முன்பே ஏற்பாடு செய்யுங்கள்; கப்பலில் இருப்பவை ஏற்றி இறக்குவதற்கும் அவசரத்துக்கும் மட்டுமே. கப்பலிலுள்ள மருத்துவர் பார்ப்பார், ஆனால் கட்டணம் அதிகம். பெற்றோருக்கு எடுத்திருக்கும் காப்பீடு கடல் பயணத்தையும், தீவிலிருந்து விமானத்தில் கொண்டுசெல்லும் செலவையும் ஏற்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

ஆபத்து வந்தால் எங்கே கூட வேண்டும் என்று காட்டுவதற்காகக் கிளம்புவதற்கு முன் நடக்கும் மஸ்டர் பயிற்சியை யாரும் தவிர்க்க முடியாது. 2012 ஜனவரியில் இத்தாலிக் கடற்கரையில் கோஸ்டா கான்கார்டியா கப்பல் கவிழ்ந்து 32 பேர் இறந்த பிறகு, புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ இது நடந்தாக வேண்டும் என்று சர்வதேச விதி வந்தது. எந்தப் படிக்கட்டு வழியாக எந்த இடத்துக்கு வர வேண்டும் என்பதை அப்பாவையும் அம்மாவையும் ஒருமுறை நடக்க வைத்தே காட்டிவிடுங்கள், ஏனென்றால் ஆபத்து நேரத்தில் லிஃப்ட் இயங்காது.

வயிற்றுப்போக்கு, வாந்தி பரவும் நோரோவைரஸ்தான் கப்பலில் எங்களுக்கு இருந்த பெரும் பயம். பஃபே வாசலில் இருக்கும் கைத்தெளிப்பான் அந்தக் கிருமிக்கு முன்னால் அவ்வளவாக எடுபடாது. சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுவதே காக்கும். அமெரிக்கச் சுகாதாரத் துறையினர் முன்னறிவிப்பின்றி ஏறிச் சமையலறையைச் சோதித்து நூறுக்கு மதிப்பெண் போடுவார்கள். 85 அல்லது அதற்குக் கீழே வந்தால் தோல்வி. அந்த மதிப்பெண் இணையத்தில் பொதுவில் இருக்கிறது, உங்கள் கப்பலுடையதைப் பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் அறையைச் சுத்தம் செய்பவரும் மேசையில் பரிமாறுபவரும் ஆறு முதல் ஒன்பது மாத ஒப்பந்தத்தில், விடுமுறை நாளே இல்லாமல் வேலை செய்பவர்கள். நாளுக்குப் பத்து மணி நேர ஓய்வு என்பது விதி, அதுவும் இரண்டு துண்டாகக் கிடைக்கும். தீவில் கிடைக்கும் இரண்டு மணி நேரத்தில் கடற்கரையைப் பார்ப்பதைவிட, வைஃபை உள்ள கடையைத் தேடி வீட்டுக்குப் பேசுவதே வழக்கம். அம்மா தமிழில் ஒரு வார்த்தை பேசினால், பதில் சொல்ல யாராவது ஒருவர் எங்கிருந்தாவது வந்துவிடுவார்.

மறுமொழி: புதுவை அன்பர்

மார்ட்டினிக்கில் கட்டாயம் இறங்குங்கள் என்று சொல்லவே எழுதுகிறேன். 1853 மே மாதத்தில் ஒரேலி என்ற கப்பல் பிரெஞ்சிந்தியாவிலிருந்து முதல் கூலித் தொழிலாளர்களை அந்தத் தீவில் இறக்கியது. அடுத்த முப்பது ஆண்டுகளில் புதுச்சேரி, காரைக்கால் வழியாகச் சுமார் 25,000 பேர் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். மொழி போய்விட்டது, ஆனால் மாரியம்மனும் மதுரைவீரனும் பெயர் திரிந்து அங்கே இன்னும் வழிபாட்டில் இருக்கிறார்கள். வடக்கே பாஸ்-புவாந்த் பகுதியில் கோயில் உண்டு. பெற்றோரை அவ்வளவு தூரம் அலைக்கழிக்க வேண்டாம்.

உங்கள் கப்பல் புவாந்த் சிமோன் துறையில் கட்டினால் ஃபோர்-த-பிரான்ஸ் நகரம் நடக்கும் தூரம்தான். தூரேல் துறை என்றால் வண்டி வேண்டும். நகரின் மூடிய சந்தையில் ‘கொலொம்போ’ என்ற மசாலாப் பொடி குவித்து விற்பார்கள்: மல்லி, மஞ்சள், கடுகு, வெந்தயம். அம்மா ஒரு சிட்டிகையை முகர்ந்தாலே நம்மூர்ப் பொடி என்று கண்டுகொள்வார். அதே பெயரில் உணவகத்தில் கிடைப்பது கோழி அல்லது ஆட்டுக்கறிக் குழம்பு, எச்சரிக்கை. அங்கே யூரோதான் செல்லும், ஞாயிற்றுக்கிழமை என்றால் கடைகள் பெரும்பாலும் அடைத்திருக்கும். இது பிரெஞ்சு நிலம் என்பதால், இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் பெற்றோருக்கு விசா விதி என்ன என்று கப்பல் நிறுவனத்திடம் எழுத்துமூலம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மற்றத் தீவுகளுக்கும் சேர்த்தே கேளுங்கள். விசா சரியில்லையென்றால் சான் ஹுவானிலேயே ஏற விட மாட்டார்கள்.

தஞ்சை மகள்

அனைவருக்கும் நன்றி. விசா விவரம் கேட்டு இன்று காலையே நிறுவனத்துக்கு எழுதிவிட்டேன். கணவர் செயின்ட் லூசியாவை விட்டுக்கொடுத்துவிட்டார், செயின்ட் தாமஸ் மட்டும் இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது. மாலுமி ஐயாவிடம் இன்னொரு கேள்வி: அம்மா தினமும் துவைப்பவர். பால்கனியில் புடவை உலர்த்தலாமா?

முத்துநகர் மாலுமி

கூடாது, அம்மா. பால்கனியில் துணி காயப்போட எந்தக் கப்பலும் அனுமதிப்பதில்லை. காற்றில் பறந்தால் கீழ்த்தளத்தில் யார் தலையிலாவது விழும், இல்லையென்றால் கடலில் போகும். குளியலறையில் ஷவருக்கு மேலே இழுத்துக் கட்டும் மெல்லிய கொடி ஒன்று இருக்கும், அதில் சிறு துணிகள் காயும். ஆறு கஜத்தைக் கப்பல் சலவைக்குக் கொடுத்தால் ஒன்றிரண்டு நாளில் திரும்பி வரும், கட்டணம் தனி. பருத்தியைவிடச் சீக்கிரம் உலரும் சின்தெடிக் புடவைகளாக எடுத்து வரச் சொல்லுங்கள். உங்கள் பிள்ளைகளின் துணிகளையும் ஒருமுறை பாருங்கள்: இராணுவப் பச்சைப் புள்ளி போட்ட உடை பார்படாஸிலும் செயின்ட் லூசியாவிலும் சட்டப்படி தடை, குழந்தைகளுக்கும் சேர்த்துத்தான்.